குறுக்கெழுத்தில் ஒரு கண்ணாமூச்சி!

'மணப்பெண் கழுத்தில் ஏறும் பொழுது (2).'

இரண்டே எழுத்தில் விடை சொல்ல வேண்டும். எங்கே, சொல்லுங்கள் பார்க்கலாம்!

'தாலி' என்று சட்டென்று வாயில் வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். தாலியும் இரண்டு எழுத்துதான், கழுத்தில் ஏறுவதும்தான். ஆனால் 'பொழுது' என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை? அதை அம்போவென்று விட்டுவிடலாமா? கூடாது. இன்னொரு முறை, இரண்டாகப் பிரித்துப் படியுங்கள். 'மணப்பெண் கழுத்தில் ஏறும்' என்பது ஒரு பாதி. 'பொழுது' என்பது மறுபாதி. கழுத்தில் ஏறுவதும் அதுதான், ஒரு பொழுதின் பெயரும் அதுதான்.

மாலை!

"அட, இவ்வளவுதானா!" என்று ஒரு சிரிப்பு வருகிறதல்லவா? அந்தச் சிரிப்புக்காகத்தான் உலகத்தில் எத்தனையோ பேர் தினமும் காலையில் பென்சிலும் கையுமாக உட்காருகிறார்கள். இந்த வகைப் புதிருக்கு ஆங்கிலத்தில் 'கிரிப்டிக் கிராஸ்வேர்ட்' என்று பெயர். தமிழில் மறைபொருள் குறுக்கெழுத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் பத்திரிகைகளில் பல காலமாக வரும் குறுக்கெழுத்துப் போட்டிகளை நீங்கள் அறிவீர்கள். 'முக்கனிகளில் ஒன்று', 'ராமனின் தம்பி' என்று நேராகக் கேட்பார்கள். தெரிந்தால் எழுதுவோம், தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம். மறைபொருள் குறுக்கெழுத்து அப்படியல்ல. அது நம்மை வேண்டுமென்றே வேறு திசையில் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் விடைக்கு வேண்டிய எல்லாவற்றையும் நம் கண்ணெதிரிலேயே வைத்திருக்கும். கண்ணாமூச்சி விளையாட்டில் குழந்தை திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கால் விரல் மட்டும் வெளியே தெரிய நிற்குமே, அதுபோல!

எங்கே பிறந்தது?

குறுக்கெழுத்தின் பிறந்த நாள் 1913 டிசம்பர் 21. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிறந்த ஆர்தர் வின் என்பவர், அமெரிக்காவின் 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் வைரக்கல் வடிவத்தில் ஒரு புதிரை வெளியிட்டார். அதில் இருந்தவை நேரான குறிப்புகள்தான்.

அதைக் குழப்பமாக்கி, குழப்பத்தையே ஒரு கலையாக்கிய பெருமை இங்கிலாந்தைச் சேரும். எட்வர்ட் பவிஸ் மாதர்ஸ் என்ற கவிஞர், 1926-லிருந்து 'அப்சர்வர்' வார இதழில் முழுக்க முழுக்க மறைபொருள் குறிப்புகளாகவே எழுதினார். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் என்ன தெரியுமா? 'டார்க்கிமேடா'. ஸ்பெயின் நாட்டில் மக்களை வதைத்த ஒரு மத விசாரணை அதிகாரியின் பெயர் அது. வாசகர்களைப் படுத்துவதற்குப் பொருத்தமான பெயர்தான்! இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அவர் சொற்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க, அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்களில் பொருத்தித் தந்தவர் அவர் மனைவி ரோஸமண்ட். பெயர் வந்ததென்னவோ கணவருக்குத்தான்!

பிறகு வந்த மெக்நட் என்ற ஆசிரியர், 'ஸிமினிஸ்' என்ற புனைபெயரில் புதிர் போட்டவர். 1966-ல் ஒரு புத்தகம் எழுதி, புதிர் போடுகிறவர் வாசகரை ஏமாற்றலாம், ஆனால் நியாயமாக ஏமாற்ற வேண்டும் என்று விதிகளை வகுத்தார்.

நம் ஊருக்கும் இதற்கும் நெடுநாள் உறவு உண்டு. 'தி இந்து' ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்தைப் போடாமல் காலைக் காப்பி இறங்காத வீடுகள் சென்னையில் ஏராளம். தமிழிலேயே இப்படிப் போட முடியுமா என்றால், பேஷாக முடியும். அமெரிக்காவிலிருந்து வெளிவந்த 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் அவர்கள் இத்தகைய தமிழ்ப் புதிர்களை அமைத்து வந்திருக்கிறார்.

இரண்டு கதவு, ஒரு வீடு

சரி, எப்படி விடுவிப்பது? ஒரே ஒரு அடிப்படையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று நேர்ப்பொருள், அதாவது விடையின் அர்த்தம். மற்றது சொல்விளையாட்டு, அதாவது விடையின் எழுத்துக்களைச் சேர்க்கும் வழி. நேர்ப்பொருள் எப்போதும் குறிப்பின் முன்முனையிலோ பின்முனையிலோ இருக்கும், நடுவில் வராது. இரண்டும் ஒரே வீட்டின் வாசல் கதவும் கொல்லைக் கதவும் மாதிரி. எதில் நுழைந்தாலும் கூடத்துக்கு வந்து சேர வேண்டும்.

அடைப்புக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பதைச் சொல்லும். தமிழில் உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கும் ஒரு கட்டம். 'அம்மா' என்றால் அ, ம், மா என்று மூன்று.

இனி வகைகளைப் பார்ப்போம். அடுக்களைச் சாமானை வைத்தே கற்றுக்கொள்ளலாம்!

இரட்டைப் பொருள்: ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். நாம் ஆரம்பத்தில் பார்த்த 'மாலை' இந்த ரகம்.

சேர்த்துக் கட்டுதல்: 'ரசத்தில் மணப்பது கரம் சேர்ந்தால் கூந்தலில் மணக்கும் (4).' ரசத்தில் மணப்பது எது? மல்லி. கரம் என்றால் கை. மல்லியும் கையும் சேர்ந்தால் மல்லிகை! பூத்தொடுப்பது போல இரண்டு சொல்லைத் தொடுத்தால் விடை.

முதல் எழுத்து: 'கழனியின் தலைப்பில் விதை போட்டால் புலவனுக்கு விளைவது (3).' கழனியின் தலைப்பு என்றால் அந்தச் சொல்லின் முதல் எழுத்து, 'க'. அதோடு 'விதை' சேர்ந்தால் கவிதை. 'தலை', 'ஆரம்பம்', 'தொடக்கம்', 'வாசலில்' என்றெல்லாம் வந்தால் முதல் எழுத்தைப் பிடியுங்கள்.

ஒளிந்திருத்தல்: 'அப்பா குடித்ததிலே இருக்கிறது அதிரசத்துக்கு வேண்டியது (2).' அப்பா என்ன குடித்தார் என்று ஆராயாதீர்கள்! 'அப்பா குடித்தது' என்ற எழுத்துக்களை இடைவெளி பார்க்காமல் படியுங்கள். அப்-பாகு-டித்தது. பாகு! அதிரசத்துக்குப் பாகுப் பதம்தானே உயிர்? 'உள்ளே', 'கொஞ்சம்', 'இருக்கிறது' என்ற சொற்கள் இதற்கு அடையாளம்.

கலைத்துப் போடுதல்: 'மலிவின் தொடக்கத்தோடு தகரத்தை உருக்கிக் கலந்தால் பச்சை ரத்தினம் (5).' தகரத்தை உருக்கினால் ரத்தினம் வருமா? இங்கே வரும். மலிவின் தொடக்கம் 'ம'. அதோடு த, க, ர, ம் என்ற நான்கையும் சேர்த்துக் கலைத்துப் போட்டால் மரகதம்! 'கலந்து', 'குழம்பி', 'சிதறி', 'உருக்கி', 'கிண்டி' என்று வந்தாலே எழுத்துக்களைக் கலைக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

திருப்புதல்: 'கை வை, திரும்பிப் பார், மதுரையில் ஓடும் (2).' 'கை வை' என்பதைத் திருப்பினால் 'வைகை'.

எழுத்தை நீக்குதல்: 'மனைவி முடிவில்லாமல் இருக்கும் வீடு (2).' படித்தவுடன் பெருமூச்சு வருகிறதா? முடிவில்லாமல் என்றால் கடைசி எழுத்து இல்லாமல். 'மனைவி'யில் கடைசி எழுத்து போனால் 'மனை'. மனை என்றால் வீடு.

காதில் விழுவது: 'பாதை என்று காதில் விழுந்தது, பல்லுக்கு வந்தால் தாங்காது (2).' பாதை என்றால் வழி. 'ழ' வராத வாய் அதை எப்படிச் சொல்லும்? வலி! ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக உச்சரிக்கிறவர்கள் மலிந்துவிட்ட காலத்தில், இந்த வகைப் புதிர் பிள்ளைகளுக்கு நல்ல பாடம்.

அத்தையும் மருமகளும்

இன்னும் ஒரு வகை இருக்கிறது. ஒரு சொல்லுக்குள் இன்னொன்றை நுழைப்பது. கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி. இதை ஒரு வீட்டில் எப்படி விடுவிப்பார்கள் என்று கற்பனை செய்து பாருங்கள். மாமியார் கீரை ஆய்கிறார். மருமகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குறிப்பைப் படிக்கிறாள்.

"அத்தை, ஒண்ணு படிக்கிறேன், கேக்கறீங்களா? 'தானியத்துக்குள் ருசியின் ஆரம்பம், பொங்கலுக்கு வீட்டுக்கு வரும்.' நாலு எழுத்து."

"பொங்கலுக்கு வீட்டுக்கு வர்றதா? பொண்ணும் மாப்பிள்ளையும்தான் வருவாங்க!"

"நாலு எழுத்துக்குள்ள அடங்கணும் அத்தை!"

"அப்ப கரும்புன்னு போடு. வேற என்ன?"

"போடறதுக்கு முன்னாடி ஏன்னு பாக்கணும். ருசியின் ஆரம்பம்னா 'ரு'. க, ரு, ம், பு... நடுவுல இருக்கற 'ரு'வை எடுத்துட்டா..."

"கம்பு! அட, நம்ம கம்பங்கூழ்க் கம்பு! சரியாப் போச்சு போ!"

பார்த்தீர்களா? மாமியார் நேர்ப்பொருள் வழியாக வந்தார். மருமகள் சொல்விளையாட்டு வழியாக வந்தாள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சந்தித்தார்கள். அதுதான் விடை சரி என்பதற்கு அத்தாட்சி. வெறும் 'கரும்பு' என்று எழுதிவிட்டால் அது ஊகம். 'கம்புக்குள் ரு' என்று விளக்கம் சொன்னால்தான் அது விடை.

இந்த 'ஏன்' என்ற கேள்விதான் இந்த விளையாட்டின் உயிர். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடும்போது இதை விடாதீர்கள். விடை சொன்னதும் "சபாஷ்" என்று நிறுத்திவிடாமல், "எப்படி வந்துது, சொல்லு கண்ணா?" என்று கேளுங்கள். குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சொல் மிச்சமிருந்தால் விடையில் எங்கோ இடிக்கிறது. விடை தெரிவது வேறு, அதற்குக் காரணம் தெரிவது வேறு என்பதைக் குழந்தை இதில் விளையாட்டாகவே கற்றுக்கொள்ளும்.

"எனக்கெங்கே நேரம்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். விடிந்தால் பால், டிபன், பள்ளிக்கூடம், சமையல், துணி. குழந்தை தூங்கும் அரை மணியில் நாமும் கண்ணயரலாமா, இல்லை புதிர் போடலாமா?

தூக்கம் வேண்டுமென்றால் தூங்குங்கள். கைக்குழந்தைக்காரிக்கு அதைவிட முக்கியம் வேறில்லை. ஆனால் இந்தப் புதிருக்கு உட்கார்ந்து செய்யும் நேரம் தேவையே இல்லை. காலையில் ஒரே ஒரு குறிப்பை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஐந்தாறு சொல்தானே? பீன்ஸ் நறுக்கும்போதும், துணி உலர்த்தும்போதும் கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். மனசு மட்டும் 'நாளைக்கு என்ன குழம்பு, இந்த மாசம் கேஸ் எப்ப தீரும்' என்று செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மனசுக்கு மெல்ல ஒரு சுவிங்கம் கொடுத்த மாதிரி! முறைத்துப் பார்த்தபோது பிடிபடாத விடை, தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போல் பட்டென்று வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் பேப்பர் குறுக்கெழுத்து என்றால் அது ஐயாவின் சொத்து. "பூப்பேரு ஒண்ணு சொல்லு, நாலெழுத்து" என்று கேட்பதோடு நம் பங்கு முடிந்துவிடும். தமிழ்ப் புதிரில் அப்படியல்ல. பாகும் பதமும், பூவும் நகையும், உறவுமுறையும் பண்டிகையும், கோலமும் சீமந்தமும் எல்லாம் நம் கைவசச் சொற்கள். படிப்பு குறைவு என்ற தயக்கமே வேண்டாம். வாயில் புழங்கும் தமிழ் போதும்.

ஞாபக சக்திக்கு நல்லதா?

'குறுக்கெழுத்துப் போட்டால் மறதி நோயே வராது' என்று கைப்பேசியில் செய்தி வந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். உண்மை நிலவரம் இதுதான். அமெரிக்காவில் கொலம்பியா, டியூக் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2022-ல் வெளியாயிற்று. லேசான ஞாபகக் குறைவு உள்ள 107 பேர் அதில் பங்கு கொண்டார்கள். ஒரு பிரிவினருக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டுகள், மற்றவர்களுக்குக் குறுக்கெழுத்து. 78 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, குறுக்கெழுத்துப் பிரிவினரின் நினைவாற்றல் மதிப்பெண் ஓரளவு மேலாக இருந்தது.

நல்ல சேதிதான். ஆனால் அதில் கொடுத்தது நேரான குறுக்கெழுத்து. எதுவுமே செய்யாத ஒரு பிரிவினரோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆகவே இது மருந்து என்று சொல்லிவிட முடியாது. சந்தோஷத்துக்குப் போடுங்கள், மூளைக்கு நல்லதும் நடந்தால் லாபம். வீட்டுப் பெரியவர்கள் மாத்திரை சாப்பிட்டதை மறந்து மறுபடி சாப்பிடுவது, பழகிய தெருவில் வழி தவறுவது, அடுப்பை அணைக்க அடிக்கடி மறப்பது என்றிருந்தால் புதிர்ப் புத்தகம் வாங்கிக் கொடுத்துத் தேற்றாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கட்டங்களில் எழுதிய கடிதம்

புதிரால் நோய் தீருமோ தீராதோ, நோயை எதிர்கொள்ள ஒரு தெம்பு கிடைக்கும் என்பதற்கு ஒரு மனிதர் உதாரணம். இங்கிலாந்தில் ஜான் கிரஹாம் என்ற பாதிரியார் 1958-லிருந்து 'கார்டியன்' நாளிதழுக்குப் புதிர் போட்டு வந்தார். வாசகர்கள் அவரை அறிந்தது 'அராக்கேரியா' என்ற புனைபெயரில். அராக்கேரியா ஒரு மரம். ஆங்கிலத்தில் அதைக் 'குரங்குக்கே புதிரான மரம்' என்று பொருள்படும் பெயரால் அழைப்பார்கள். 2013 ஜனவரியில், தமது 91-ஆம் வயதில், அவர் ஒரு புதிர் வெளியிட்டார். கட்டங்களை நிரப்பிக்கொண்டே வந்த வாசகர்கள் திகைத்துப் போனார்கள். தமக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்திருக்கிறது, வலியைத் தணிக்கும் சிகிச்சை மட்டும் நடக்கிறது என்ற செய்தியை அந்த விடைகளுக்குள்ளேயே அவர் வைத்திருந்தார்!

வருஷக்கணக்காகத் தம்மோடு விளையாடிய நண்பர்களுக்கு, அந்த விளையாட்டின் மொழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார். முகம் பார்த்திராத வாசகர்கள் ஆயிரக்கணக்கில் வீட்டு மனிதரைப் பறிகொடுத்தது போல வருந்தினார்கள். புதிர் போடுகிறவருக்கும் விடுவிக்கிறவருக்கும் நடுவே அப்படி ஒரு ஒட்டுறவு உண்டாகிவிடுகிறது.

நீங்களே ஒன்று போடுங்கள்!

விடுவிக்கப் பழகிவிட்டால், போடுவதும் வந்துவிடும். காய்கறிக் கூடையைப் பாருங்கள். அவரைக்காய் இருக்கிறதா? 'அவரை' என்றால் காய். 'அவரை' என்றால் அந்த மனிதரை. இரண்டையும் கோத்தால்:

'பொரியல் செய்யலாம் அந்த மனிதரை! (3)'

கோபம் வந்த நாளில் ஐயாவின் காப்பித் தம்ளருக்கு அடியில் இதை எழுதி வைத்துப் பாருங்கள். விடை கண்டுபிடிப்பதற்குள் உங்கள் கோபமும் போய்விடும்!

இதோ, பயிற்சிக்கு ஐந்து குறிப்புகள். விடையைப் பார்க்காமல் ஒரு நாளாவது மனசில் ஊறப் போடுங்கள்.

1. ராதா லிஸ்டில் இருப்பது மாப்பிள்ளை கட்டுவது (2)
2. அரிசியை அளப்பது, பிள்ளைக்கு அம்மா இடும் கட்டளை (2)
3. சண்டையின் ஆரம்பம், பிறகு காதல். எல்லாம் அடுக்களையில் நடப்பது (4)
4. கவலையின் தலையை எடுத்தால் மீன் சிக்கும் (2)
5. தவனம் சிதறினால் முகம் (4)

விடைகள்

1. தாலி. 'ராதா லிஸ்டில்' என்பதற்குள் ரா-தாலி-ஸ்டில் என்று ஒளிந்திருக்கிறது. முதலில் ஏமாற்றிய தாலி, இங்கே வந்துவிட்டது!

2. படி. அளக்கும் படியும் படி. "படி, படி" என்று நாம் தினமும் போடும் கூச்சலும் படி.

3. சமையல். சண்டையின் ஆரம்பம் 'ச'; காதலுக்கு இன்னொரு பெயர் மையல்.

4. வலை. 'கவலை'யில் 'க' போனால் வலை.

5. வதனம். பூவோடு சேர்த்துத் தொடுக்கும் வாசனைத் தழையான தவனத்தின் முதல் இரண்டு எழுத்தும் இடம் மாறினால் போதும்.

ஐந்துக்கு மூன்று சரியாக வந்தால் சபாஷ் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தும் வந்து, ஐந்துக்கும் விளக்கமும் சொல்ல முடிந்தால், நாளைக் காலைப் பேப்பர் வந்ததும் பென்சிலை முதலில் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஐயா வேண்டுமானால் பூப்பேர் சொல்லட்டும்!